தனியாக விடாதீர்கள்

"தூக்கமே வரதில்லை டாக்டர். சோறு இறங்க மாட்டேங்குது. செத்துப் போயிடலாம்னு தோணுது." மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள் அவள். பக்கத்தில் கணவன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எப்போலேர்ந்து?"

அவள் கணவனைப் பார்த்தாள்.

"போன மழைக்காலத்துலேர்ந்து" என்றான் அவன்.

"அப்பவே கூட்டிட்டு வர்றதுக்கு என்ன?" டாக்டர் அவனைக் கடிந்துகொண்டார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. அவசர அவசரமாக மாத்திரை எழுதினார். "ஆரம்பத்துல தூக்கம் கண்ணைச் சுழட்டும். வண்டி கிண்டி ஓட்டக் கூடாது."

"எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது டாக்டர்."

டாக்டர் சிரித்தார். பிறகு அவனிடம், "இவங்களைத் தனியா மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

மாத்திரை வாங்கி வெளியே வந்ததும், அவள் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டான் கணவன்.

"ஐயோ, ராத்திரி போட்டுக்கலாமே!"

"ராத்திரிவரைக்கும் தாங்க மாட்டேன்."

"அப்ப இன்னைக்கு லீவு போடுங்க. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"லீவெல்லாம் தீர்ந்துபோச்சு. இனிமே டாக்டர் சீட்டு கேப்பாங்க. நோய் உனக்கில்லை, எனக்குத்தான்னு தெரிஞ்சா அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட விடுவாங்களா?"

பையிலிருந்த டிரைவர் சட்டையை உதறி மாட்டிக்கொண்டான்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவள் முண்டியடித்து ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கே வர்றே?"

"தனியா விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல. பேசிட்டே வரேன்" என்றாள். "கண்ணை மட்டும் மூடிடாதீங்க."