ஏழே மணித்தியாலம்

பிரிக்பீல்ட்ஸ் டிராவல் ஏஜென்சியின் கண்ணாடிக் கதவு வழியே காலை வெயில் மேசை வரை வந்து கிடக்கிறது. மகளின் முதல் பிரசவத்துக்காகத் தங்கரத்தினம் லண்டனுக்குத் தனியாக விமானம் ஏற வேண்டும். பயந்து மறுத்தவளைக் கணவர் முத்துக்குமாருதான் சம்மதிக்க வைத்திருக்கிறார். முப்பது வருடம் ரயில்வேயில் கால அட்டவணை பார்த்த மனிதர், இப்போதும் டிக்கெட்டின் மேல் விரலை ஓட்டுகிறார். "இரவு பத்துக்கு வெளிக்கிட்டு விடிய அஞ்சுக்கு இறக்கிவிடும். ஏழே மணித்தியாலம். பட்டர்வொர்த் போற எங்கடை ரயிலே இதைவிடக் கூட நேரம் எடுக்குமப்பா." மேசைக்கு அப்பால் ஏஜென்ட் மைதீன் தயங்கிச் சிரிக்கிறான். "அங்கிள், அந்த அஞ்சு லண்டன் டைம் லா. நமக்கு எட்டு மணி நேரம் பின்னால. மொத்தம் பதினஞ்சு." விரல் அப்படியே நின்றுவிடுகிறது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட்டின் ஓரத்தை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருக்கிறார். தங்கரத்தினம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு டிக்கெட்டை மெதுவாக உருவிக் கைப்பைக்குள் வைத்து மூடுகிறாள். "நான் ஏறி இருந்திடுவன். அவ்வளவு நேரமும் நீங்கள் போனுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிராமல், சாப்பிட்டுப் படுங்கோ."