இடப்பக்கம் ஹில்டா

"நல்ல மீன்னா கண்ணு பளபளன்னு இருக்கணும்னு சொல்றியே, உன் கண்ணு மட்டும் ஏன் பால் மாதிரி கீது? நீ பழைய மீனா?"

அம்மாவோடு மீன் வாங்க வந்த ஆறு வயது மோகனப்ரியா கேட்டது இது. காலடிப்பேட்டை மார்க்கெட்டே சிரித்தது. மீன்காரி குப்பம்மாவும் சிரித்தாள். மறுநாள் கண் முகாமில் போய் நின்றாள்.

"உள்ளே இருக்கிற லென்ஸ் வெளுத்துப்போச்சும்மா. சொட்டு மருந்துக்குக் கரையாது, மாத்தத்தான் வேணும்" என்றார் டாக்டர் ஆஃபியா.

வலது கண்ணை மரத்துப்போகச் செய்து, சின்னதாய்க் கீறி, வெளுத்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். ஒரு கிலோ நெத்திலி ஆயும் நேரம்கூட ஆகவில்லை. இடது கண்ணுக்கு இன்னொரு நாள் என்றார்கள்.

ஒரு மாதம் மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவள், இன்று கருப்புக் கண்ணாடியோடு கடைக்கு வந்துவிட்டாள்.

"இன்னா குப்பம்மாக்கா, ஷூட்டிங்கா?" என்றான் எதிர்க்கடை எத்திராஜ்.

"போடா. உன் சட்டையில மூணாவது பட்டன் இல்ல. தச்சுகினு வா!"

மேலே போன மெட்ரோவின் பெட்டிகளைச் சத்தமாக எண்ணினாள். எலுமிச்சம்பழம் இவ்வளவு மஞ்சளா? வடிவுடையம்மா தாயே, உலகத்தையே கழுவி வைத்திருக்கிறாயே!

விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்திலும் இதே கூத்துதான். படகுகளின் நீலத்தைப் பார்த்து வாய் பிளந்து நின்றதில், எடுத்த கூடையைக் கிளறிப் பார்க்க மறந்துவிட்டாள்.

பார்க்காவிட்டால் என்ன? கண் மங்கிய இரண்டு வருஷமும், ஐஸில் விறைத்த மீனில் புதுசு எது, பழசு எது என்று தெரியாமலேதான் விற்றாள். ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. 'என் கைராசி' என்று அவள் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை அவள் கூடைக்குள் நுழைந்தது.

பக்கத்துக் கடை ஹில்டாவின் கை. ஒரு சங்கரா மீனைத் தூக்கிக்கொண்டு போனது.

குப்பம்மாவின் சிரிப்பு நின்றது.

பதினோரு வருஷம் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்தவள். ஒரே டீயைப் பாதிப் பாதி குடித்தவள். அவளா? எத்தனை நாளாக? கண் கிடைத்தது இதைப் பார்க்கத்தானா?

தலையை மெல்லத் திருப்பினாள். கருப்புக் கண்ணாடிக்குள் வலது கண் விழித்திருந்தது.

கை திரும்பி வந்தது. இந்த முறை அதில் ஹில்டாவின் சொந்தச் சங்கரா. சற்றுமுன் கடலிலிருந்து எட்டிப் பார்த்தது போல் கண்கள். அதைக் குப்பம்மாவின் கூடையில் வைத்துவிட்டு, முதலில் எடுத்த கலங்கிய கண் மீனைத் தன் வீட்டுக் குழம்புக்கான பைக்குள் போட்டு, பையின் வாயை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தது.

அத்தனை வேகம். அத்தனை பழக்கம்.

இரண்டு வருஷத்துக் கைராசியும் குப்பம்மாவுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணீரும். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வழியட்டும் என்று விட்டாள்.

"இன்னாக்கா, தனியா சிரிச்சிகினு கீற?" என்றாள் ஹில்டா.

"ஒண்ணியுமில்ல. போய் ஒரு கொடம் தண்ணி எடுத்துகினு வா."

ஹில்டா குழாய்க்குப் போனாள். எத்திராஜ் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

குப்பம்மா ஹில்டாவின் பையைப் பிரித்து, அந்தப் பழைய சங்கராவை எடுத்துத் தன் வீட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தன் கூடையிலேயே பெரிய வவ்வால் மீனை ஹில்டாவின் பைக்குள் இறக்கினாள்.

பிறகு பையின் வாயை, முன்பு இருந்தது போலவே, இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து வைத்தாள்.