ஓரத்தில் ஒரு குடம்

தன் செல்போனை இலக்கியாவின் கையில் வைத்துவிட்டுச் சங்கத் தலைவி சொன்னார்.

"நீயே எடுத்துடும்மா. உனக்குத்தான் கை ஆடாது."

சௌந்தரவல்லி அம்மாள் அன்பாகத்தான் சொன்னார். அதட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம்.

உப்பளத்துக்குப் போகும் மண் பாதை. காலை வெயில். ஒரே மாதிரி கதர்ப் புடவை கட்டிய இளம்பெண்கள் வரிசையாக நின்றார்கள். எதிரே ஒரு நாற்காலியில், சட்டம் போட்ட பெரிய பழைய படம்.

வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு அள்ளப் போன பெண்கள், இதே பாதையில் நின்று எடுத்துக்கொண்ட படம்.

அவர்கள் வழிவந்த பெண்கள் நடத்தும் சேவைச் சங்கம் இது. ஆண்டுதோறும் இந்த நாளில் அவரவர் கொள்ளுப்பாட்டி நின்ற இடத்தில் அவரவர் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நின்ற மாதிரியே நிற்க வேண்டும்.

"நந்திதா, உங்க பாட்டி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாரு. நீ என்ன, கல்யாண வீட்டு வாசல்ல சந்தனம் கொடுக்கிறவ மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்கிற?"

தலைவி சொன்னதும் நந்திதா சிரிப்பை விழுங்கிக் கையைக் கட்டினாள்.

போனைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற இலக்கியாவுக்கும் அந்தப் படத்தில் ஓர் இடம் இருந்தது.

வலது ஓரத்தில். ஒரு கை. கையில் பச்சை குத்திய தேள். இழுத்துச் செருகிய முந்தானை. இடுப்பில் ஒரு மண்குடம்.

அவ்வளவுதான்.

படம் எடுத்தவன் குடத்தோடு நிறுத்திக்கொண்டான். குடம் சுமந்தவளின் முகம் வெளியே நின்றுவிட்டது.

மாரிக்கண்ணு. இலக்கியாவின் கொள்ளுப்பாட்டி. சின்ன வயதில் அந்தத் தேளை விரலால் தடவிக்கொண்டே தூங்கிப்போன கதையை அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

சங்கத்தில் சேரக் கேட்டபோது பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். படத்தில் முகம் தெரிகிறவர்களின் வாரிசுதான் உறுப்பினர். அதுதான் விதி.

"வெறும் கைய வச்சு யாருன்னு எப்படிம்மா சொல்றது? அப்படியே இருந்தாலும், உங்க தெருவுலேருந்து வந்தவங்க கூலிக்குத் தண்ணி சுமந்தவங்க. போராட வந்தவங்க இல்லையே."

கூலியை யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

போலீஸ்காரனின் தடி அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. முதல் அடியில் குடம் உடைந்தது. அடுத்த அடியில் முழங்கை. சாகும்வரை மாரிக்கண்ணுவால் அந்தக் கையை நீட்ட முடிந்ததில்லை.

உறுப்பினராக இல்லாவிட்டால் என்ன, சேவைக்கு வரலாமே என்றார்கள்.

வந்தாள். ஞாயிறுதோறும் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டுக்குக் கஞ்சி. அரிசி களைவதிலிருந்து அண்டா கழுவுவதுவரை இருந்தாள். நந்திதாவும் மற்றவர்களும் கூடவே நின்று, புகையில் கண் எரிய, மாற்றி மாற்றிக் கிண்டுவார்கள். அங்கே யாரும் யாருடைய பாட்டியைப் பற்றியும் பேசியதில்லை. பிள்ளை பெற்றவள் இன்னொரு கரண்டி கிடைக்குமா என்று மட்டும் கேட்பாள்.

இன்று அவளும் அதே கதரில் வந்திருந்தாள். கரையின் நிறம்கூட மாறவில்லை. கடை கடையாக ஏறித் தேடி எடுத்தது. இந்த வருஷமாவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள்.

கூப்பிட்டார்கள். படம் எடுக்க.

"வெயில் ஏறுதும்மா, ம்."

வரிசையின் இடது ஓரத்தில் இன்னொரு நாற்காலி போட்டுச் சௌந்தரவல்லி அம்மாள் உட்கார்ந்திருந்தார். பழைய படத்தில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

இலக்கியா போனை உயர்த்தினாள். இடது ஓரத்து நாற்காலி முதல் வலது ஓரத்து நந்திதாவரை எல்லோரும் திரைக்குள் கச்சிதமாக அடங்கினார்கள். நந்திதாவுக்கு அப்புறம் வெறும் மண்.

படம் எடுத்தவன்மேல் அவளுக்கு இதுவரை கோபம் வந்ததில்லை. ஏதோ கைத்தவறு என்றே நினைத்திருந்தாள். இப்போது அவனைப் போலவே நின்று பார்த்தாள்.

கைத்தவறு இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை.

அவள் காலடியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தது. எல்லோரும் குடிப்பதற்காக, தெருக்குழாயில் பிடித்து அவள்தான் சுமந்து வந்திருந்தாள்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு பழைய படம் இருந்த நாற்காலியிடம் போனாள். படத்தின் கண்ணாடிமேல் போனைச் சாய்த்து வைத்தாள். வலப்பக்கம் சற்றே திருப்பினாள்.

நந்திதாவுக்கு அடுத்த வெற்றுமண் திரைக்குள் வந்தது.

மறு ஓரத்தில் நாற்காலியின் ஒரு கைப்பிடியும் அதன்மேல் ஒரு வளையல் கையும் மட்டும் மிஞ்சின.

டைமரை அழுத்தினாள். போனின் விளக்கு விட்டு விட்டு மின்னத் தொடங்கியது.

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தண்ணீர் தளும்பிப் புதுப்புடவையை நனைத்தது. வெற்றுமண்ணில் போய் நின்று திரும்பினாள்.

"முந்தானைய இழுத்துச் செருகுடி," என்றாள் நந்திதா, கட்டிய கையை அவிழ்க்காமல், முகத்தைத் திருப்பாமல். "உங்க பாட்டி அப்படித்தான் நிக்கிறாங்க."

இலக்கியா செருகிக்கொண்டாள்.

"என்னம்மா இது? அப்போ போட்டோவ யாரு எடுக்கிறது?"

நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

வரிசையில் ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.