நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

"அந்தப் படுபாவி மட்டும் என் கையில கிடைக்கட்டும், இந்தத் துணியாலயே அவன் வாயைக் கட்டறேன்!"

எல்மர் காகிதப் பையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவி டோனட் கடை மேஜைமேல் போட்டார். வெள்ளைத் துணி, ஓரமெல்லாம் மஞ்சள் பூ. நடுவில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை எழுத்து: 'கோச் ராய்ஸ், போதும். விலகு!'

ஜூலையிலிருந்து, உள்ளூரில் பேஸ்பால் ஆட்டம் நடந்த ஒவ்வொரு நாளும் அது மைதானத்து வேலியில் தொங்கியது. நேற்று சீசனின் கடைசி ஆட்டம். அதிலும் தோல்வி. முடிந்த கையோடு எல்மரே வேலி ஏறி அதைப் பிய்த்தெடுத்துவிட்டார். அறுபத்தாறு வயதில் வேலி ஏறிய முழங்கால் இன்னும் வலித்தது.

"யாரு வேலைன்னு நினைக்கற?" என்றார் வெண்டல். ஹெரன்ஸ் அணியின் ஆட்டங்களை இருபது வருஷமாக எல்மருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவர்.

"கேட் திறக்கறதுக்கு முன்னாடியே தொங்குதுய்யா. அப்போ உள்ளாளுதான். எனக்கு அந்தத் துணை கோச் டுவெய்ன் மேலதான் சந்தேகம்."

"தொண்ணூத்தாறு ஆட்டத்துல அறுபத்தெட்டுத் தோல்வி. வேற எந்தக் கோச்சா இருந்தாலும் நானே பெயிண்ட் வாங்கிக் குடுத்திருப்பேன்."

"ராய்ஸ் என்ன பண்ணுவார்? நல்லா பந்து போடற ரெண்டு பேருக்கும் தோள் போச்சு. மூணாவது ஆள் போடற பந்தை நீகூட அடிப்ப."

"ஆகஸ்ட்ல வரிசையா பதினோரு ஆட்டம்..."

"அதைப் பேசாத. சாப்பிடறது இறங்காது."

உண்மையில் எல்மருக்கு ஒன்றுமே இறங்கவில்லை. டோனட் கடித்தபடியே கிடந்தது. கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ராய்ஸ் இருப்பாரா போவாரா என்று அணியின் முதலாளியம்மா பத்து மணிக்கு முடிவெடுக்கிறார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊருக்காக உழைத்த மனுஷனை ஒரு மோசமான சீசனுக்காக வீதியில் விடுவதா? 'ராய்ஸை நீக்கக் கூடாது' என்று மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கி, நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி எல்மர் கொடுத்திருந்தார்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. எல்மர் பாய்ந்து எடுத்தார்.

"மனுவைப் பார்த்தேன் எல்மர்," என்றது முதலாளியம்மாவின் குரல். "இத்தனை பேர் கேட்கறப்ப நான் எப்படி மறுக்கறது? அடுத்த வருஷமும் ராய்ஸே இருக்கட்டும். சாயங்காலம் அறிவிச்சிடறேன்."

எல்மர் வெண்டலைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் ஒரு முத்தமே கொடுத்துவிட்டார். பிறகு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு ராய்ஸ் வீட்டுக்கு ஓடினார். 'இதை ராய்ஸ் கண் முன்னாலயே கொளுத்தணும்!'

கதவைத் திறந்த ராய்ஸின் மனைவி நடீன் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா. தூங்கறார்."

"பத்தரை மணிக்கா? எழுப்புங்க நடீன்! வேலை போகல! இன்னும் ஒரு வருஷம் அவர்தான் கோச்!"

நடீன் கதவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

"அவரே இருக்கட்டும்னு... யாரு கேட்டாங்க?"

"நாங்கதான்! ஊர் பூரா கையெழுத்து வாங்கினது நான்தான்!"

நடீன் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எல்மர் உள்ளே பார்த்தார். சோபாவில் ராய்ஸ் ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பார்க்கும்போது பாதியாக இளைத்திருந்தார். தலைக்கடியில் ஒரு தலையணை. உறையின் ஓரமெல்லாம் மஞ்சள் பூ.

எல்மரின் கையிலிருந்த விரிப்பு நழுவியது.

"நடீன்... நீங்களா?"

"ஜூன் மாசமே டாக்டர் சொல்லிட்டார் எல்மர். இன்னொரு சீசன் இவர் இதயம் தாங்காதாம். நான் சொன்னா கேக்கறாரா? 'ஊர் என்னை நம்பியிருக்கு'ன்னு ஒரே பிடிவாதம். வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார். சரி, ஊரே போகச் சொன்னா போயிடுவார்னு நினைச்சேன். மைதானத்துக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டு போறப்போ யாருக்கும் தெரியாம மாட்டிட்டு, ராத்திரி கழட்டிட்டு வந்துடுவேன்."

"அவரு வீட்டு விரிப்பு அவருக்கே அடையாளம் தெரியலையா?"

"ஒம்போது வருஷம் அதுலதான் படுத்தார். என்னைக்குக் கவனிச்சார்?" நடீன் கண்ணைத் துடைத்தாள். "அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கத்துவீங்கன்னு நம்பினேன். பாவிங்களா, ஒருத்தர்கூடக் கத்தலையே!"

எல்மர் குனிந்தார். கீழே கிடந்த விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டு, கடைக்குத் திரும்பினார்.

டோனட் கடையில் கைதட்டல் காத்திருந்தது. எல்மர் யாரையும் பார்க்கவில்லை.

"வெண்டல், பேனா இருக்கா?"

அவர் எழுதியதை எட்டிப் பார்த்த வெண்டல் திடுக்கிட்டார். 'கோச் ராய்ஸை இன்றே நீக்க வேண்டும்.' கீழே முதல் கையெழுத்து, எல்மர்.

"யோவ், பைத்தியம் பிடிச்சிடுச்சா?"

"அறுபத்தெட்டுத் தோல்விய்யா. எத்தனை நாள் பொறுக்கறது? சாயங்காலத்துக்குள்ள இதுல நூறு பேராவது கையெழுத்துப் போடணும்."

எல்மர் விரிப்பை விரித்துக் கடை வாசலில், தெருவே பார்க்கும்படி கட்டினார்.

வெண்டலின் முகம் சிவந்தது. "அப்போ நேத்து வேலி ஏறினது நாடகமா? இத்தனை நாளா இந்தத் துணியைத் தொங்கவிட்ட படுபாவி..."

"நான்தான்," என்றார் எல்மர்.