தீர்த்தகிரி காரின் பட்டை

“ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தீர்த்தகிரி. பழசையே காய்ச்சி அடிக்கறதா, புதுசு வாங்கறதா?”

இதை நான் ஐந்தாவது தடவையாகக் கேட்டேன்.

தீர்த்தகிரி பட்டறைத் தரையில் குந்தி உட்கார்ந்து, அவருடைய டாக்சியிலிருந்து நான் கழற்றிப் போட்ட பட்டைகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரின் பின்பாரத்தைத் தாங்கி, குலுக்கலை வாங்கிக்கொள்கிற இரும்புப் பட்டைகள். வில்லாக வளைந்திருக்க வேண்டியவை, பள்ளிக்கூடத்து ஸ்கேல் மாதிரி நிமிர்ந்து கிடந்தன.

இவற்றை மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் ஏழு வருடம் வாடகைக்கு ஓட்டியிருக்கிறார் என்றால், ஏறி உட்கார்ந்தவர்களின் இடுப்பெலும்பை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

நான் பாப்பாரப்பட்டிக்கு வந்து பட்டறை போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஊருக்கே ஒரு டாக்சி, இவருடைய அம்பாசடர். என்னிடம் வந்தது அன்றைக்குத்தான்.

வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி மாதம்மாள்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டான பிள்ளை. பத்து மாதம் முடிந்து மேலே எட்டு நாளும் ஆகிவிட்டது. வலி வருகிற வழியைக் காணோம். தருமபுரி பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு வைத்திருந்தார். அதற்குள் வலி எடுக்காவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டுமாம்.

அதைச் சொல்லும்போதே தீர்த்தகிரிக்குக் கண் கலங்கிவிடும். காலையிலிருந்து நான்கு முறை சொன்னார், நான்கு முறையும் கலங்கினார்.

வெள்ளிக்கிழமை அவளை அலுங்காமல் குலுங்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர் அப்படிச் சொன்னபோது எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைக்காரர் பச்சியப்பனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. ஊருக்குப் புதியவன், எனக்கென்ன தெரியும்.

நான் இரண்டு வழி சொன்னேன்.

பழைய பட்டைகளை உலையில் காய்ச்சி, அடித்து வளைவு ஏற்றி, எண்ணெயில் தோய்த்து மாட்டலாம். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வண்டி மெத்தென்று போகும். ஆனால் வயசான இரும்பு, எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

“நடுவழியில முறிஞ்சுதுன்னா?” என்றார் தீர்த்தகிரி. கண்ணில் தண்ணீர்.

அப்படியானால் சேலத்திலிருந்து புதுசு வரவழைக்கலாம். நாளைக்கு மாலை பஸ்ஸில் வந்துவிடும். முறியாது. ஆனால் புதுப் பட்டை முதல் ஒரு மாதம் விறைப்பாக இருக்கும், பள்ளத்தில் விட்டால் கொஞ்சம் தூக்கிப் போடும்.

தூக்கிப் போடும் என்றதும் மறுபடியும் கண்ணில் தண்ணீர்.

காய்ச்சலாம் என்றார். வேண்டாம், புதுசே போடலாம் என்றார். ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசும் போட்டால் என்ன என்றார். முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு யோசனையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் வம்பு.

அப்போதுதான் மாதம்மாள் வந்தாள்.

தெருமுனையிலிருந்து இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க நடந்து வந்தாள். பின்னாலேயே மருத்துவச்சி குள்ளம்மாள், கக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு.

தீர்த்தகிரி பதறி எழுந்தார். நடக்கலாமா, வெயிலில் வரலாமா என்று சுற்றிச் சுற்றி வந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கழற்றிக் கிடந்த பட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டில் நெய்ப் பானையை உடைத்தவனைப் பார்க்கிற பார்வை.

“தஸ்தகீர் பாய், பழசையே, இருக்கற மாதிரியே மாட்டிக் குடுங்க. இந்த வண்டியில பெரியாஸ்பத்திரிக்குன்னு கெளம்புன பொம்பளைங்கள்ல ஒருத்தியாவது வவுத்துப் புள்ளயோட ஆஸ்பத்திரி வாசல மிதிச்சிருக்காளான்னு இவரையே கேளுங்க!”

டீக்கடை வெடித்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

பச்சியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கணக்குச் சொன்னார். ரயில்வே கேட்டில் ஒன்று, புளியமரத்தடியில் இரண்டு, ஏரிக்கரைத் திருப்பத்தில் இரட்டை, இன்னும் இப்படி வழி நெடுக. மொத்தம் பதினோரு பிள்ளைகள். தாயும் பிள்ளையும் எல்லோரும் நலம். நாள் தள்ளிப் போனால் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் இந்த வண்டியைத் தேடி வருவார்களாம்.

தீர்த்தகிரி காது வரைக்கும் சிவந்துபோனார். அதெல்லாம் அவரவர் நேரம், வண்டி என்ன செய்யும் என்று முணுமுணுத்தார். ஏழு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மற்ற பெண்களுக்கு நடந்தது தன் மனைவிக்கும் நடக்கட்டும் என்று நினைக்க அவருக்கு மனசு வரவில்லை. பாவம், பயம்.

நான் பட்டைகளை எடுத்து இருந்தபடியே மாட்டத் தொடங்கினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது.

குள்ளம்மாள் யாரும் சொல்லாமலே முன்சீட்டில் ஏறி, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அது அவளுடைய வழக்கமான இடம் போலிருந்தது. மாதம்மாள் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, தார் போடாத பாதையாகப் பார்த்து ஓட்டச் சொன்னாள்.

தீர்த்தகிரி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

“கொஞ்சம் இருங்க” என்றேன். பம்பை எடுத்து வந்து, நான்கு சக்கரத்திலும் காற்றைக் கல்லுப்போல ஏற்றி அனுப்பினேன்.