நிமிர்ந்தால் போதும்

வெள்ளையனை மூட்டைபோல முதுகில் சுமந்துவந்து, முதுகெலும்பைக் கையால் நீவிச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் டாக்டர் கல்பனாவின் கட்டிலில் தொப்பென்று போட்டான் லட்சுமணன். இடுப்புப் பிடித்துக்கொண்டு, வில்லாக வளைந்து கிடந்தான் வெள்ளையன்.

"ஒடிச்சாவது நிமித்துங்கம்மா. கோழிக் கழுத்தத் திருப்புற மாதிரி ஒரே திருப்பு!" என்றான் லட்சுமணன்.

"அதெல்லாம் வேணாங்க. வெறும் சதைப்பிடிப்பு. கையால அழுத்திவிட்டு, தினம் நடக்க வச்சாலே சரியாயிடும். ஆராய்ச்சியே பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"நிமிர வேணாம் டாக்டரம்மா, இப்படியே இருந்துட்றேன்" என்று அழுதான் வெள்ளையன்.

பளாரென்று ஓர் அறை விட்டான் லட்சுமணன். "இன்னாடா அழுவுற? நீ நிமிர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல!"

முரடன்தான், ஆனாலும் இப்படி ஒரு துணை யாருக்கு வாய்க்கும் என்று கல்பனா நெகிழ்ந்துபோனாள். இடுப்பு வலிக்காரரை வலியைவிடப் பயம்தான் அதிகம் முடக்கும் என்று அவள் படித்திருந்தாள்.

மூன்று வாரம் நெல்லிவாசல் மேட்டில் லட்சுமணன் அவனைக் கழியால் விளாசி விளாசி நடக்கவைத்தான். நாலாவது வாரம் கல்பனாவின் முன்னால் வெள்ளையன் மூங்கில்போல நிமிர்ந்து நின்றான்.

"நீங்க அண்ணன் தம்பியா?" என்று பூரிப்போடு கேட்டாள் கல்பனா.

"என் தம்பிய வெட்டிட்டு ஜாமீன்ல வந்தவன் இவன்." மடியிலிருந்து கத்தியை உருவினான் லட்சுமணன். "குனிஞ்சவன வெட்றது எங்க வம்சத்துலயே கெடையாதும்மா."

கத்தி உயர்ந்ததுமே, "ஐயோ, இடுப்பு!" என்று இரண்டாக மடங்கினான் வெள்ளையன்.

"இன்னும் எத்தினி நாளு?" என்று பல்லைக் கடித்தான் லட்சுமணன்.

"இனிமே ஆயுசுக்கும் நிமிராதுங்க" என்றாள் கல்பனா, வெள்ளையனின் பிடரியை இன்னும் கீழே அழுத்திக்கொண்டே.