உடனடிப் பதில்

"என்னங்க, சாப்பிட வாங்க!"

மனைவி கூப்பிட்டது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. ஆப்களுக்குத் திரை அமைக்கும் சீனியர் இன்ஜினியர் அவர். ஆபீஸ் முடிந்தால் சொந்த ஆப்பில் மூழ்கிவிடுவார்.

"அந்த ஆப்பை ஒரே ஒருத்தர்தானே யூஸ் பண்றாங்க?" என்றாள்.

ஆப் என்றதும் காது திறந்தது. "ஒருத்தரா இருந்தாலும் காக்க வைக்கக் கூடாது. குறை சொன்னா உடனே பதில். அதான் என் கொள்கை. முகம் தெரியாத அந்த ஆளுக்கு நான் பதில் போடாத நாளே இல்ல!"

சற்று நேரத்தில் வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. திரையில் அந்த ஆளின் செய்தி வந்திருந்தது.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். பக்கத்துலயே சாவி இருக்கு. நீங்க எனக்குப் பதில் சொல்ற இடம் இது ஒண்ணுதான்னு இத்தனை நாளும் இங்கேயே எழுதினேன். இனிமே முடியாது. போறேன்."

அதன் கீழே, தானாகப் போகும்படி அவர் என்றோ எழுதி வைத்த பதிலும் போயிருந்தது:

"உங்கள் கருத்துக்கு நன்றி. விரைவில் சரிசெய்கிறோம்."